மைதீன் ஜன்னலில் மாட்டிய எக்ஸ்ரே

“நாடியைத் தூக்கி இந்தப் பலகை மேல வை. தோளை முன்னால தள்ளு. மூச்சை நல்லா இழு… பிடி… விட்ராத.”

தென்காசியில் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் இருபத்தேழு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் வாசகம் இது. தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று வீட்டில் புகார் உண்டு.

அன்றைக்குப் பலகையில் முகவாயை வைத்து நின்றவன் மைதீன். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். மூன்று வாரமாக இருமல் விடவில்லை என்று குற்றாலத்து டாக்டர் ஒருவர் நெஞ்சுப் படம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே மாசி வெயில். உள்ளே ஏசி குளிர். வெற்று மார்பு பலகையில் பட்டதும், “யா அல்லா, ஐஸ்கட்டியால்ல இருக்கு” என்று சிரித்தான். சிரித்தால் படம் ஆடிவிடும் என்று அதட்டினேன்.

பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது.

வலது நுரையீரலின் மேல்பகுதியில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. படம் எடுக்கிறவன் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. யார் எப்படிக் கேட்டாலும் ‘டாக்டர் பாத்துச் சொல்லுவாரு’ என்பதுதான் பதில். முகத்திலும் ஒன்றும் காட்டக் கூடாது. நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

மைதீன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“என்ன மாப்ள, ஒண்ணும் பேச மாட்டேங்க?”

“ஒண்ணுமில்ல மாப்ள. எல்லாம் க்ளீனா இருக்கு.”

வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருந்தால் அவன் டாக்டரிடம் போயிருப்பான். எங்கள் நிலையத்தில் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத ஆள் கிடையாது. சீட்டு எழுதியவரிடம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இருபத்தேழு வருடத்தில் ஒரே ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறினேன், மீறிப் பொய்யைச் சொன்னேன்.

“க்ளீன்னா டாக்டர்ட்ட போயி எதுக்கு உக்காந்திருக்கணும்? படத்தை மட்டும் கொடு. எனக்கு அது வேணும்.”

“எதுக்கு?”

“பொறவு சொல்லுதேன்.”

படத்தை உறையில் போட்டு நானே அவன் கையில் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். டாக்டருக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டால் அவர் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்று நினைத்தேன். அன்று போன் போட்டால் டாக்டர் வெளியூரில் இருந்தார். மறுநாள் எங்கள் நிலையத்தில் கூட்டம். அதற்கு மறுநாள், இருமல் குறைந்துவிட்டதாக மைதீனே சொன்னான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சாக்குகளுக்கா பஞ்சம்?

பீரங்கியோடு வந்தவன்

மைதீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருடம் அபுதாபியில் குழாய் வெல்டராக இருந்தவன். அங்கே நாலைந்து மலையாளிகள் சேர்ந்து லீவு நாளில் பாலைவனத்துக்குப் போய் நட்சத்திரம் பார்ப்பார்களாம். இவன் முதலில் அவர்களுடைய பிரியாணிக்காகப் போனான். பிறகு பிரியாணி இல்லாத வாரமும் போக ஆரம்பித்துவிட்டான்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் டிவி, கம்பளி, தைலம் என்று பெட்டி கட்டுவார்கள். இவன் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதிகாரி, “எந்தா இது, பீரங்கியோ?” என்று கேட்டிருக்கிறார். அது தொலைநோக்கி என்று நம்பவைக்க ஒரு மணி நேரம் ஆனதாம்.

வீட்டில் அவன் மனைவி ஹமீதா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்தக் கொழாயை வச்சு நான் என்ன செய்ய? இட்லி அவிக்கவா?” என்றாள்.

ஊரில் ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராகச் சேர்ந்தான். வேறு நல்ல வேலைகளும் கிடைத்தன. இந்த லாட்ஜின் மொட்டை மாடிக்காகத்தான் இதைப் பிடித்துக்கொண்டான். நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டவன் வருடத்தில் பாதி நாள் மேகம் மூடிக் கிடக்கிற குற்றாலத்தில் போய் உட்கார்ந்ததைச் சொல்லி நான் கேலி செய்யாத நாளில்லை.

“மேகம் வெலகுத அன்னைக்குப் பாத்தாப் போதும் மாப்ள. அதுக எங்கன ஓடிரப் போவுது?” என்பான்.

அடுப்பில் போட்ட கருங்கல்

படம் எடுத்த அடுத்த வாரம் லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த ஜன்னல். அதில் நான் எடுத்த எக்ஸ்ரே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் செலோடேப். காலை வெயில் பின்னாலிருந்து அடிக்க, எலும்பு எலும்பாகத் தெரிந்தது.

சிவகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அறைச் சாவிக்காக நின்றது. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மைதீன் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“இதுல எலும்பு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு அண்ணாச்சி? சதையில இருக்கது கரி, தண்ணி, எல்லாம் லேசான சரக்கு. எக்ஸ்ரே பூந்து போயிரும். எலும்புல இருக்கது கால்சியம். கொஞ்சம் கனத்த சரக்கு. மறிச்சிரும். சரி, அந்தக் கால்சியம் எங்கன இருந்து வந்துச்சு?”

“பால்ல இருந்து,” என்றார் அந்த வீட்டம்மா.

“பாலு மாட்டுல இருந்து. மாட்டுக்குப் புல்லுல இருந்து. புல்லுக்கு மண்ணுல இருந்து. மண்ணுக்கு?”

சாவியால் ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினான்.

“நட்சத்திரம் வெடிச்சு வந்தது.”

அவன் சொன்னதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆதியில் பிரபஞ்சத்தில் இருந்தவை ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், மற்றதெல்லாம் பெயருக்குக் கொஞ்சம். மீதி எல்லாவற்றையும் நட்சத்திரங்கள்தான் சமைத்தன. பெரிய நட்சத்திரம் ஒன்று ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கும், அதை எரித்துக் கரியாக்கும், பிறகு ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒவ்வொன்றாகக் கனம் ஏறிக்கொண்டே போய் நடுவில் இரும்பு சேரும். அங்கே நின்றுவிடும்.

“அடுப்புல வெறகைப் போட்டா எரியும். கருங்கல்லைப் போட்டா எரியுமா? இருக்க சூட்டையும் அதுதான் குடிக்கும். நட்சத்திரத்துக்கு இரும்பு கருங்கல்லு மாதிரி.”

சூடு தாங்கிப் பிடிக்காததால் அந்த இரும்பு நடுப்பகுதி தன் எடை தாளாமல் உள்ளே விழும். பூமி அளவு இருந்தது, ஒரு நொடிக்குள், தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் உள்ள தூரத்துக்கு, சுமார் இருபது கிலோமீட்டருக்கு, ஒரு உருண்டையாக நசுங்கிவிடும். மேலே இருந்த அடுக்குகளெல்லாம் வெடித்துச் சிதறும். அதுவரை சமைத்ததும், அந்த வெடிப்பின் சூட்டில் புதிதாக வெந்ததும் சுற்றியுள்ள வெளியெங்கும் போய் வாயு மேகங்களில் கலக்கும். அந்த மேகத்திலிருந்து பிறக்கிற அடுத்த தலைமுறை நட்சத்திரத்துக்குக் கனமான சரக்கு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அப்படிப் பல தலைமுறை கழிந்து பிறந்ததுதான் நம் சூரியன். அந்த மிச்சத்தில்தான் பூமியும் மாடும் பாலும்.

இந்தப் பாடத்தில் ஒரு திருத்தமும் உண்டு. தங்கமும் இதே மாதிரி நட்சத்திரம் வெடித்து வந்ததுதான் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தான். கொல்லத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண், செத்த நட்சத்திரங்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதும்போதுதான் தங்கத்தில் பெரும்பங்கு உண்டாகிறது என்று இப்போது கருதுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினான். ‘தங்கம் பற்றி நான் சொன்னதில் பாதி தப்பு. ஏற்கெனவே கேட்டவர்கள் மன்னிக்கவும். இப்படிக்கு மேனேஜர்.’

தப்பென்று தெரிந்தால் ஊருக்கே சொல்கிறவன் அவன்.

சிவகிரிக்காரர் படத்துக்குக் கிட்டே போய் விரலை வைத்தார்.

“இது என்ன தம்பி, வட்டமா? இதுவும் எலும்பா?”

“அது ரத்தக்கொழாய் அண்ணாச்சி. குறுக்க போவுதுலா, அதனால வட்டமா தெரியுது.”

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் செல்போனை எடுத்து யாரோ கூப்பிட்டதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு மாலை

சாரல் தொடங்க ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் இருட்டியதும் போன் வந்தது.

“மாப்ள, ஒண்ணு வெடிச்சிட்டு! ஒடனே வா!”

லாட்ஜ் அடுப்படியில் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று பதறி, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். போனால் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். நம் பால்வீதி மாதிரி வேறொரு நட்சத்திரக் கூட்டத்தில் நட்சத்திரம் ஒன்று வெடித்திருக்கிறதாம். அவனுடைய அபுதாபிக் கூட்டாளிகள் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் திறந்து மூச்சு வாங்கியது.

“வயசாயிட்டு மாப்ள,” என்றான்.

எனக்கும் அதே வயதுதான். நான் நிற்காமல் ஏறியிருந்தேன். அவனுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாடியில் குழாயை வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கண்ணை வைத்துப் பார்த்தேன். சிலேட்டைச் சரியாகத் துடைக்காததுபோல் ஒரு மங்கல். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி.

“இம்புட்டுதானா?”

“இம்புட்டுதானாவா? லே, ஆயிரக்கணக்கான பூமி செய்யுத அளவுக்கு இரும்பு அங்கன செதறிக்கிட்டு இருக்கு. இனிமே என்னைக்கோ, எவனோ ஒருத்தன் ரத்தத்துல அது ஓடப் போவுது. நீ என்னமோ இம்புட்டுதானாங்க.”

அவனும் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இருமல் வந்தால் குழாய் அசைந்துவிடும் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

“இது வெடிச்சு ரெண்டு கோடி வருசத்துக்கு மேல ஆவுது. வெளிச்சம் இப்பதான் வந்து சேந்திருக்கு,” என்றான். “சேதி லேட்டா வந்தா என்ன மாப்ள, வந்துட்டுல்லா.”

என்னை நினைத்து அவன் சொல்லவில்லை. இருந்தாலும், இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“மாப்ள, அந்த எக்ஸ்ரே…”

“அதுக்கென்ன? வாரவனெல்லாம் அதைத்தான் கேக்கான். நல்ல படம் எடுத்துக் கொடுத்த.”

“இல்ல, அதை…”

கீழேயிருந்து யாரோ வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள். “இந்தா வாரேன்,” என்று படியில் இறங்கினான். நானும் பின்னால் இறங்கினேன். கீழே போய்ச் சொல்லியிருக்கலாம். வெந்நீர் வரவழைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. சாப்பிட முடியவில்லை.

ஈரத் தலையோடு ஒரு டாக்டர்

ஆடியில் சீசன் நன்றாக இருந்தது. லாட்ஜ் முழுக்க ஈரத் துண்டு வாடையும் எண்ணெய் வாடையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

அருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றியபடி ஒரு அம்மா பிள்ளைகளோடு உள்ளே வந்தார். ஜன்னலைக் கடந்து போனவர் திரும்பி வந்தார்.

“இது யாரோட படம்?”

மைதீன் உற்சாகமாக எழுந்தான்.

“என்னோடதுதாம்மா. இந்த வெள்ளையா தெரியுதுல்லா, இது கால்சியம். இது எங்கன இருந்து வந்துச்சுன்னா…”

“கால்சியம் இருக்கட்டும் சார். நான் டாக்டர். இந்த வட்டத்தை உங்க டாக்டர் பாத்தாரா?”

“அது ரத்தக்கொழாய்தானம்மா?”

“யார் சொன்னா உங்ககிட்ட?”

மைதீன் என் பக்கம் திரும்பினான். நான் கையில் பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கணம்தான். உடனே அவரிடமே திரும்பிக்கொண்டான்.

“நானாத்தாம்மா நெனச்சுக்கிட்டேன்,” என்றான்.

அந்த அம்மா படத்தின் மூலையில் அச்சாகியிருந்த தேதியைப் படித்தார். முகம் மாறியது. அவருக்கு எங்கள் தொழில்காரர்களைப்போல முகத்தை மறைக்கத் தெரியவில்லை. நாளைக்கே திருநெல்வேலிக்குப் போங்கள் என்று சொல்லி, போக வேண்டிய டாக்டரின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

செலோடேப்பைக் கிழித்துப் படத்தை எடுத்தது நான்தான். அதையாவது செய்தேன்.

இரண்டாவது பொய்

திருநெல்வேலியில் பெரிய டாக்டர் என் படத்தையும் அங்கே புதிதாக எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாசியில் எடுத்த படத்தில் இருந்த அளவில் வந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு யோசித்திருக்கலாம், இப்போது புற்று பரவிவிட்டது என்றார். அதைக் கேட்கும்போது ஹமீதாவும் அறையில் இருந்தாள்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது. கழுத்து எலும்பு எக்ஸ்ரே இல்லாமலே தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் மத்தியானம் வார்டில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். ஹமீதா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தேன்.

“மாப்ள,” என்றான். “அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?”

கேட்டதில் கோபம் இல்லை. நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்கிற குரல்தான். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னைத் திட்டியிருப்பான். அடித்தாலும் அடித்திருப்பான், கையில் அவ்வளவு தெம்பு இல்லாவிட்டாலும். பிறகு ஒருவேளை பழையபடி பேசியிருப்போம்.

“எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது மாப்ள. நான் வெறும் படம் எடுக்கவன்தானே.”

இருபத்தேழு வருட அனுபவத்தை ஒரே வாக்கியத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“ஆமா. நீ என்ன டாக்டரா?” என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் பல தடவை போனேன். நட்சத்திரங்களைப் பற்றி அவன் என்னிடம் பேசவே இல்லை. மகன் படிப்பு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பது மாதிரி, யாரிடமும் பேசக்கூடியதை மட்டும் பேசினான். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டான்.

முதல் பொய்யைப் பாசத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். அதற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

ஹமீதா கேட்டது

வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதிவரும் தொடருக்கு இந்தப் பகுதியை அனுப்புமுன் ஹமீதாவிடம் படித்துக் காட்டாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. போன வாரம் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்க அண்ணே” என்றாள். எழுதியதை எடுத்து, இதுவரை நீங்கள் படித்த அத்தனையும் படித்தேன்.

நடுவில் ஒரு தடவைகூட அவள் நிமிரவில்லை. கீரை ஆய்வதையும் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் கேட்காமலே வரும் தேநீர் அன்றைக்கு வரவில்லை.

முடித்ததும் ஒன்று கேட்டாள்.

“தெரியாதுன்னு சொன்னீங்கள்ல, அப்ப அவிய மொகம் எப்படி இருந்துச்சு?”

“நான் பாக்கல ஹமீதா. ஆரஞ்சைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

“இதை அனுப்பட்டுமா? வேண்டாம்னா கிழிச்சிருதேன்.”

“இந்தத் தொடரை ஒரு வாரம் விடாம நானும் எம் மவனும் படிக்கோம். நீங்கதான் எழுதுதீங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

தெரியாது. வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று பயந்து, இத்தனை வாரமும் ஒரு புனைபெயரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலையத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்குக்கூட அது நான் என்று தெரியாது.

“அவிய பேரைப் போட்டிருக்கீங்க. என் பேரைப் போட்டிருக்கீங்க,” என்றாள் ஹமீதா. “ஒங்க பேரு எங்க அண்ணே? அவியகிட்ட மறைச்சீங்க. இப்பவும் மறைஞ்சு நின்னுக்கிட்டுதான் சொல்லப் போறீங்களா?”

ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஆசிரியருக்குப் போன் போட்டு, இந்த வாரத்திலிருந்து புனைபெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் சண்முகவேல். தென்காசியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் மைதீன்.